மெமரி கார்டு வேலை செய்யவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது

கணினி ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால், மற்றதைப் படிக்கும் முன் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிடுங்கள். கார்டு பழுது என்று அது சொல்லவில்லை. அதில் எழுதியிருப்பது தனக்குப் புரியவில்லை என்றுதான் சொல்கிறது. பழுதென்று ஒதுக்கப்படும் கார்டுகளில் பலவும் நல்ல கார்டுகள்தான். பழைய ரீடரிலோ, வேறு தலைமுறை ஸ்லாட்டிலோ, வேறு கோப்பு முறைமையை எதிர்பார்க்கும் சாதனத்திலோ போய் மாட்டிக்கொண்டவை.

கார்டும் சாதனமும் ஒத்துப்போக நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: உருவ அளவு, மின் இணைப்பு முறை, கொள்ளளவுத் தலைமுறை, கோப்பு முறைமை (கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு). முதலாவது கண்ணுக்குத் தெரியும், மற்ற மூன்றும் தெரியாது. தொந்தரவெல்லாம் அந்த மூன்றில்தான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கார்டு உள்ளே போகவில்லை, அல்லது போய்ச் சிக்கிக்கொண்டது

ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். பெயர் அழிந்த பழைய கார்டுக்கும் அளவே அடையாளம்.

எஸ்டி: 24 × 32 மி.மீ, தடிமன் 2.1.
எம்எம்சி: அதே 24 × 32, தடிமன் 1.4 மட்டும். பின்புறம் 7 தொடுமுனைகள் (எஸ்டியில் 9).
மைக்ரோஎஸ்டி: 11 × 15, தடிமன் 1.
எக்ஸ்டி பிக்சர் கார்டு: 20 × 25, தடிமன் சுமார் 1.7.
ஸ்மார்ட்மீடியா: 45 × 37, தடிமன் 0.76. பிஸ்கட் போல் உடையும்.
மெமரி ஸ்டிக்: 50 × 21.5, தடிமன் 2.8. டுவோ: 31 × 20, தடிமன் 1.6. எம்2: 15 × 12.5, தடிமன் 1.2.
காம்பாக்ட்ஃபிளாஷ்: 42.8 × 36.4. முதல் வகை 3.3, இரண்டாம் வகை 5 மி.மீ தடிமன்.

எம்எம்சி மெலிந்தது என்பதால் எஸ்டி ஸ்லாட்டில் நுழையும். எம்எம்சிக்கென்றே செய்த ஸ்லாட்டில் எஸ்டி நுழையாது. காம்பாக்ட்ஃபிளாஷில் இரண்டாம் வகை, முதல் வகை ஸ்லாட்டுக்குள் போகாது. மைக்ரோடிரைவும் (காம்பாக்ட்ஃபிளாஷ் உருவில் வந்த குட்டி ஹார்ட் டிஸ்க்), எஸ்டியை காம்பாக்ட்ஃபிளாஷாக மாற்றும் அடாப்டர்களில் பலவும் இந்த இரண்டாம் வகைத் தடிமன்தான். எம்2-வையும் மைக்ரோஎஸ்டியையும் குழப்பிக்கொள்வது சகஜம். ஒன்றரை மி.மீ அகல வித்தியாசம்தான் காப்பாற்றும், அழுத்தித் திணிக்காத வரையில்.

சிக்கிக்கொள்பவை பெரும்பாலும் அடாப்டர் இல்லாமல் போட்ட சிறிய கார்டுகள்: எஸ்டி ஸ்லாட்டில் வெறும் மைக்ரோஎஸ்டி, முழு மெமரி ஸ்டிக் ஸ்லாட்டில் டுவோ, பாதி நீளமே உள்ள ஆர்எஸ்-எம்எம்சி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெலிந்த பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் இருபக்க டேப்பை ஒட்டி, கார்டின் மேல் வைத்து அழுத்தி, அப்படியே இழுங்கள். உலோக இடுக்கி வேண்டாம். ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடுகளில் ஒன்றை வளைத்துவிட்டால் கார்டு வெளியே வரும், ஸ்லாட் போய்விடும்.

காம்பாக்ட்ஃபிளாஷ் பாதி போய் நின்றால் அழுத்தக்கூடாது. 50 ஊசிகளும் ஸ்லாட்டின் அடியில்தான் இருக்கின்றன. கார்டில் இருப்பவை துளைகள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே பாருங்கள். நேராக நிற்கும் இரு வரிசைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சாய்ந்து ஒளியை வேறு பக்கம் அடித்தால், அதுதான் வளைந்த ஊசி. மெக்கானிக்கல் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, முனையிலுள்ள உலோகக் குழாயை ஊசியின் மேல் செருகி, ஒரே திசையில் மெதுவாக நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். இரண்டு ஊசிகள் தொட்டுக்கொண்டிருந்தால், நிமிர்த்தும் வரை பேட்டரியைப் போடவே வேண்டாம்.

சரியாக உட்கார்ந்தது, ஆனால் ‘கார்டு இல்லை’ என்கிறது

முதல் சோதனைக்குச் செலவில்லை. கார்டு எந்தக் கேமராவில் பயன்பட்டதோ அதிலேயே போட்டு, கேமராவை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணையுங்கள். படங்கள் தெரிந்தால் கார்டு நல்லது, ரீடர்தான் பிரச்சினை. கேமராவிலும் தெரியாவிட்டால் தொடுமுனைகளைத் துடைத்துப் பாருங்கள்: 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, நீளவாக்கில் இரண்டு மூன்று இழுப்பு, காய ஐந்து நிமிடம். ரப்பர் அழிப்பானால் தேய்ப்பதைப் பலரும் சொல்வார்கள். மேல்பூச்சு தேய்வதும் துகள் ஸ்லாட்டுக்குள் போவதும்தான் மிச்சம்.

துடைத்தும் தெரியவில்லையா? கார்டின் முகத்தில் உள்ள சின்னத்தைப் படியுங்கள். எஸ்டி குடும்பத்தில் நான்கு தலைமுறைகள்: சாதா எஸ்டி 2 ஜிபி வரை, 2006-இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை, 2018-இல் வந்த எஸ்டியுசி 128 டிபி வரை. புதிய சாதனம் பழைய கார்டை ஏற்கும். பழைய சாதனம் புதிய கார்டை ஏற்காது. காரணம், முகவரி எண்ணும் முறையே மாறியது. சாதா எஸ்டியில் சாதனம் ‘இத்தனையாவது பைட்’ என்று கேட்கும். எஸ்டிஎச்சி முதல் ‘இத்தனையாவது 512 பைட் தொகுதி’ என்று கேட்க வேண்டும். 32 பிட் எண்ணில் 512-ஆல் பெருக்கினால் 2 டிபி. எஸ்டிஎக்ஸ்சியின் உச்சவரம்பு அங்கே நிற்பது இதனால்தான். பைட் கணக்கில் பேசும் 2004-ஆம் ஆண்டுக் கேமராவுக்கு 8 ஜிபி கார்டைக் கொடுத்தால் கார்டு பதிலே சொல்லாது. ஃபார்மட் செய்து இதைச் சரிக்கட்ட முடியாது. 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த, எச்சி என்ற எழுத்து இல்லாத கார்டைத் தேடுங்கள்.

எஸ்டிஎச்சிக்கும் எஸ்டிஎக்ஸ்சிக்கும் நடுவே உள்ள சுவர் அவ்வளவு உயரமில்லை. முகவரி முறை ஒன்றுதான், கோப்பு முறைமைதான் வேறு. ‘32 ஜிபி வரை’ என்று கையேடு சொல்லும் பல சாதனங்கள் 64 ஜிபி கார்டை எஸ்டிஎச்சியின் கோப்பு முறைமையான ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவதில்லை. முக்கியமான பதிவுக்கு முன் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

மற்ற குடும்பங்களிலும் இதே கதை வெவ்வேறு வேடத்தில் வரும்.

ஸ்மார்ட்மீடியாவில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரண்டு உண்டு. மூலை வெட்டு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். அதில் மெமரியை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப்பே கிடையாது, கணக்கு வழக்கெல்லாம் கேமராவின் வேலை. அதனால் தான் பிறந்த காலத்துக் கொள்ளளவுகளை மட்டுமே அறிந்த கேமரா, பின்னால் வந்த 64 அல்லது 128 எம்பி கார்டைத் திருப்பிவிடும். ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் 2002-இல் கொண்டுவந்த எக்ஸ்டியும் அதே பாணி. 2005-இல் வந்த எம் வகை, எச் வகைக் கார்டுகளை அதற்கு முந்தைய கேமராக்கள் சில ஏற்பதில்லை. வகை எழுத்து இல்லாத 512 எம்பி வரையிலான கார்டே அவற்றுக்குப் பாதுகாப்பு. சோனியில், 1998-இன் மெமரி ஸ்டிக்குக்குச் செய்த சாதனம் 2003-இன் மெமரி ஸ்டிக் புரோவைப் படிக்காது, உருவம் ஒன்றாகவே இருந்தாலும். நோக்கியா 6630 போன்ற போன்களுக்கு இரட்டை வோல்ட்டேஜ் ஆர்எஸ்-எம்எம்சிதான் வேண்டும். அதில் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும்.

தொழில்முறைக் கேமராக்களில் ஏமாற்றும் ஜோடிகள் இரண்டு. சிஃபாஸ்ட் கார்டு காம்பாக்ட்ஃபிளாஷ் போலவே அகலநீளம் கொண்டது, ஆனால் உள்ளே ஹார்ட் டிஸ்க்குகளில் வரும் சாட்டா இணைப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எக்ஸ்க்யூடியும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகையும் ஒரே உருவம், ஒரே ஸ்லாட். இங்கே விஷயம் ஃபர்ம்வேரில், அதாவது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளில் இருக்கிறது. நிகானின் இசட்6, இசட்7, டி850 ஆகியவை எக்ஸ்க்யூடியோடு வந்து, பின்னர் ஃபர்ம்வேர் புதுப்பிப்பால் சிஎஃப்எக்ஸ்பிரஸையும் படிக்கக் கற்றுக்கொண்டன. டி4-க்கு அந்த வாய்ப்பு வரவில்லை. கேமரா கற்றுக்கொண்டாலும் பழைய எக்ஸ்க்யூடி ரீடர் கற்றுக்கொள்ளாது. ‘கேமராவில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை’ என்றால் ரீடரின் மேல் அச்சிட்ட பெயரைப் பாருங்கள்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் சாதா மைக்ரோஎஸ்டியைப் போட்டால் பழைய ஸ்விட்சில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் நகலெடுக்க மட்டும் உதவும். விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்தான் வேண்டும். உருவம் அச்சாக ஒன்று. ‘இஎக்ஸ்’ குறியும் பின்புறத்து இரண்டாம் வரிசைத் தொடுமுனைகளும்தான் அடையாளம்.

அபூர்வமான ஒன்றையும் சொல்லிவிடலாம். நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளத்தின் காலத்துப் போன்களில் கார்டுக்கே கடவுச்சொல் வைக்கும் வசதி இருந்தது. பூட்டிய கார்டு கணினி ரீடரில் செத்ததுபோல் கிடக்கும். அதே வசதியுள்ள போனில் போட்டுக் கடவுச்சொல்லை நீக்கினால் உயிர் வரும்.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது

கார்டின் மின்னணுப் பகுதி பேசுகிறது, கோப்பு முறைமைதான் புரியவில்லை. இதுவரை அது எங்கே இருந்தது என்பதைக் கேட்டாலே பாதி விடை.

ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுத்தது என்றால்: ஆண்ட்ராய்டு 6.0 முதல் கார்டைப் போனின் உள் சேமிப்பாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்தால் கார்டு மறையாக்கம் செய்யப்படும், சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். கார்டைத் திரும்ப அதே போனில் போட்டு, படங்களை யுஎஸ்பி வழியாக எடுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தால் சாவியும் போய்விட்டது. எந்த மீட்பு மென்பொருளும் திறக்காது.

புதிய கேமராவில் 64 ஜிபியோ அதற்கு மேற்பட்டதோ ஆன கார்டு என்றால் அதன் கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தனி அப்டேட் வேண்டும். மேக்கில் 10.6.5-க்கு முந்தைய பதிப்பு படிக்காது. லினக்ஸ் கெர்னல் 5.4 முதல் உள்ளேயே ஆதரவு உண்டு. பழைய கணினியை விட்டுப் புதியதில் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் இல்லை, நேற்றுவரை இதே கணினியில் தெரிந்தது என்றால் கோப்பு அட்டவணை சிதைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவியதோ, பேட்டரி தீர்ந்ததோதான் வழக்கமான காரணம். கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

எதுவுமே வேண்டாம், கார்டு காலியானால் போதும் என்பவர்கள், பயன்படுத்தப்போகும் சாதனத்திலேயே ஃபார்மட் செய்வது நல்லது. அது முடியாதபோது எஸ்டி சங்கமே தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மட்டர் விண்டோஸிலும் மேக்கிலும் கிடைக்கிறது. பார்ட்டிஷன் (கார்டைப் பிரித்த பகுதி) தொடங்கும் இடத்தை, கார்டு ஒரே வீச்சில் அழிக்கும் தொகுதிக்கு ஏற்ப வைக்கும். ஸ்மார்ட்மீடியாவை மட்டும் கணினியில் ஃபார்மட் செய்யவே கூடாது. கேமரா தேடும் அடிப்படைக் குறிப்புகள் அழிந்து, கார்டு அடையாளம் தெரியாமல் போகும்.

படிக்கிறது, எழுத மறுக்கிறது

எஸ்டியின் இடப்பக்க நகர்த்தியைப் பாருங்கள். தொடுமுனைகள் இருக்கும் பக்கம் தள்ளியிருந்தால் எழுதலாம், எதிர்ப்பக்கம் என்றால் பூட்டு. இந்த நகர்த்தி கார்டின் எந்தச் சுற்றோடும் இணைக்கப்படாத வெறும் பிளாஸ்டிக். அது எங்கே இருக்கிறது என்பதை ஸ்லாட்டில் உள்ள சின்ன சுவிட்சு தடவிப் பார்க்கிறது, முடிவெடுப்பது சாதனம். கேனான் கேமராக்களுக்கான சிஎச்டிகே என்ற துணை ஃபர்ம்வேர், பூட்டிய கார்டிலிருந்து தானாகத் தொடங்கி அதே கார்டில் படமும் எழுதுகிறதே, அது இதனால்தான் முடிகிறது.

நகர்த்தி உடைந்து விழுந்துவிட்டால் அந்தப் பள்ளம் திறந்திருக்கும், சாதனம் அதைப் பூட்டாகவே படிக்கும். பள்ளத்தின் மேல் மெலிந்த செலோடேப்பை இறுக்கமாக ஒட்டினால் போதும். விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் ஸ்லாட்டுக்குள் உரிந்துவிடும். நகர்த்தி சரியாக இருந்தும் ஒரு ரீடரில் மட்டும் பூட்டு என்றால் அந்த ரீடரின் சுவிட்சு தேய்ந்துவிட்டது. மைக்ரோஎஸ்டிக்கு நகர்த்தி கிடையாது, அதன் அடாப்டருக்கு உண்டு. அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் சரி, விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி மூலம் ‘படிக்க மட்டும்’ குறியை நீக்கியும் பார்த்தாகிவிட்டது என்றால் ஒரு சோதனை. ஒரு கோப்பை அழியுங்கள், கார்டை எடுத்துத் திரும்பப் போடுங்கள். அழித்த கோப்பு மீண்டும் அங்கேயே இருந்தால், ஃபார்மட் ‘வெற்றி’ என்று சொன்ன பின்னும் பழைய படங்கள் திரும்பி வந்தால், கார்டின் கன்ட்ரோலர் தேய்ந்த மெமரியைக் காப்பாற்ற எழுதுவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டது. இதற்கு மென்பொருள் மருந்து கிடையாது. படிக்க முடிகிற நாளிலேயே எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுக் கார்டைக் கைவிடுங்கள்.

கொள்ளளவு குறைவாகக் காட்டுகிறது

64 ஜிபி கார்டு 59.6 என்று காட்டினால் குறையொன்றுமில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

2 ஜிபி கார்டு 1 ஜிபியாகத் தெரிந்தால் ரீடர் மிகப் பழையது. 2 ஜிபி எஸ்டி 1024 பைட் தொகுதியில் கணக்குச் சொல்லும், ரீடர் 512 என்று எடுத்துக்கொண்டு பாதியாக்கிவிடும். அந்த ரீடரில் அதற்கு எழுதாதீர்கள்.

32 ஜிபி கார்டில் சில நூறு எம்பி மட்டும் தெரிந்தால், ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினி ஒன்றில் அது இருந்திருக்கும். விண்டோஸுக்குத் துவக்கப் பகுதி மட்டும் தெரிகிறது, மீதி லினக்ஸின் பகுதி. எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கி ஒன்றாக்கினால் முழு அளவு வந்துவிடும்.

மெமரி ஸ்டிக்கில் பாதிப் படங்களைக் காணோம் என்றால் கார்டைத் திருப்பிப் பாருங்கள். செலக்ட் என்ற வகையில் இரண்டு 128 எம்பி அறைகளும் முதுகில் ஒரு சுவிட்சும் உண்டு. மற்ற பாதி அடுத்த அறையில் இருக்கும்.

வீடியோ நடுவில் நிற்கிறது, நகலெடுக்க நெடுநேரம் ஆகிறது

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்ட வேக எண் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது இடைவிடாமல் எழுதும் குறைந்தபட்ச வேகம், அது சின்னச் சின்னக் குறிகளில் இருக்கிறது: கிளாஸ் 10-உம் யு1-உம் நொடிக்கு 10 எம்பி, யு3-உம் வி30-உம் 30, வி60, வி90 பெயரிலேயே. கேமரா வேகத்தை மெகாபிட்டில் சொல்லும், எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி, யு1 போதாது, யு3 வேண்டும். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி, வி60 வேண்டும்.

யுஎச்எஸ்-2 கார்டு (இரண்டாம் வரிசைத் தொடுமுனைகளால் வேகம் கூட்டிய எஸ்டி) மந்தமாக நகலெடுத்தால் இரண்டாம் வரிசைத் தொடுமுனைகளைத் துடையுங்கள். அந்த வரிசை ஒட்டாவிட்டால் கார்டு எதுவும் சொல்லாமல் யுஎச்எஸ்-1-க்கு இறங்கிவிடும். 312 எம்பி உச்சவரம்பு 104 ஆகிவிடும். யுஎச்எஸ்-2 மைக்ரோஎஸ்டியைச் சாதா அடாப்டரில் போட்டாலும் இதே கதிதான், அடாப்டரில் முதல் வரிசைக்கு மட்டுமே கம்பி இருக்கிறது. எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டை யுஎச்எஸ்-2 கேமராவில் போடுவது வீண் செலவு. அது யுஎச்எஸ்-2 பேசாது, யுஎச்எஸ்-1-ஆகத்தான் ஓடும். 170, 200 என்று அச்சிட்ட யுஎச்எஸ்-1 கார்டுகள் அந்த வேகத்தைத் தங்களுக்கென்று செய்த ரீடரில்தான் காட்டும்.

ஒரே வீடியோ 4 ஜிபி துண்டுகளாக வந்தால் அது பழுதல்ல, ஃபேட்32-இன் கோப்பு வரம்பு.

படங்களின் பெயர் இருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை

முதல் சில ஜிபி நன்றாக இருந்து, அதற்குப் பின் எடுத்தவை மட்டும் சாம்பல் பட்டையாகவோ திறக்காமலோ இருந்தால் போலிக் கார்டாக இருக்கலாம். 8 ஜிபி மெமரிக்கு 128 ஜிபி என்று பொய் சொல்லும் கன்ட்ரோலர். கோப்பு அட்டவணை கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும். உள்ளடக்கம் மட்டும் இல்லாத இடத்தில் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வாங்கிய எந்தக் கார்டையும் முதல் நாளிலேயே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். நொடிக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி கார்டுக்கு எழுதவே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடிக்க வேண்டாம்.

போலி அல்ல, திடீரென்று சிதைந்தது என்றால் வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை:

1. கார்டில் ஒரு பைட்டும் எழுதாதீர்கள். எஸ்டி என்றால் நகர்த்தியைப் பூட்டின் பக்கம் தள்ளுங்கள். விண்டோஸ் பிழை திருத்தட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தப்பிப்பிழைத்த பெயர்களையும் அது வெட்டிவிடக்கூடும்.

2. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு கார்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக (கார்டின் அச்சு நகலாக) கணினியில் எடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பிம்பத்துக்கும் மீட்கப்போகும் கோப்புகளுக்கும் சேர்த்து, கார்டின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பார்ட்டிஷனே காணோம் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளைப் பிம்பத்தின் மேல் ஓட்டுங்கள். வெற்றி பெற்றால் பெயர், ஃபோல்டர் எல்லாம் அப்படியே வரும். வராவிட்டால் போட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள். அது அட்டவணையைப் பார்க்காமல் படத்தின் தலைப்பு அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பெயர்கள் கிடைக்காது, படங்கள் கிடைக்கும். துண்டுதுண்டாகச் சிதறி எழுதப்பட்ட நீண்ட வீடியோ இதில் சரியாக வருவது அரிது.

4. மீட்டவற்றைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்து, எச்2டெஸ்ட்டபிள்யூவில் ஒருமுறை முழுக்கச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டு இனிப் பாட்டுக் கேட்கும் சாதனத்துக்குத்தான்.

எக்ஸ்டி, ஸ்மார்ட்மீடியா போன்றவற்றுக்கு இந்த இரண்டாம் படியே தடையாக இருக்கும். ரீடர் கிடைப்பது அரிது. கேமராவை கேபிளில் இணைத்தாலும், அது டிரைவாகத் தெரிந்தால்தான் பிம்பம் எடுக்க முடியும். கேமராவின் மெனுவில் யுஎஸ்பி அமைப்பில் பிடிபி, மாஸ் ஸ்டோரேஜ் என்று இரண்டு இருந்தால் மாஸ் ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.